கன்சர்ன் வேர்ல்ட்வைட்: கொடுக்கிற காசுக்கு என்ன வேலை நடக்கிறது?

தொண்டு நிறுவனத்தை மதிப்பிடுவதில் ஒரு சிக்கல் உண்டு. காசு கட்டுபவர் ஒருவர், சேவை பெறுபவர் வேறொருவர். ஓட்டலில் சாப்பாடு சரியில்லை என்றால் சாப்பிட்டவரே சொல்லிவிடுவார், அடுத்த முறை அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டார். அயர்லாந்தின் டப்ளினில் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் போகிறவருக்கோ, கென்யாவின் ஏதோ ஒரு சுகாதார நிலையத்தில் மெலிந்த பிள்ளைகளுக்கான சத்துப் பசை தீர்ந்துபோய் மூன்று வாரம் ஆனது தெரியவே தெரியாது. அதனால் கொடையாளர்கள் இரண்டை வைத்து முடிவெடுக்கிறார்கள்: விளம்பரத்தில் வரும் குழந்தையின் கண்கள், நிர்வாகச் செலவு எத்தனை விழுக்காடு என்ற ஒற்றை எண். இரண்டுமே ஏமாற்றக்கூடியவை.

கன்சர்ன் அயர்லாந்து நாட்டு அமைப்பு. நைஜீரியாவிலிருந்து பிரிந்துபோன பியாஃப்ராவைப் போர் முற்றுகை பட்டினி போட்டபோது, 1968இல் ஜான், கே ஓ'லாக்லின் கென்னடி தம்பதியர் டப்ளினில் தொடங்கியது. அன்றைய பெயர் ஆப்பிரிக்கா கன்சர்ன். 1970இல் கிழக்குப் பாகிஸ்தானைப் புயல் புரட்டிப்போட்டதும் வேலை ஆசியாவுக்கும் நீண்டது. பெயரிலிருந்த ஆப்பிரிக்கா கழன்றுகொண்டது. இன்று சோமாலியா, சூடான், காங்கோ, எத்தியோப்பியா, ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், ஹைட்டி என ஏறக்குறைய 25 நாடுகளில் இயங்குகிறது. கடும் வறுமையை ஒழிப்பதுதான் குறிக்கோள் என்று அறிவித்துக்கொண்ட அமைப்பு; எனவே அந்த அளவுகோலாலேயே அளப்பதுதான் நியாயம்.

கடும் வறுமை என்றால் உலக வங்கியின் கணக்கில் ஒரு கோடு. அது நாளுக்கு 2.15 டாலராக இருந்தது. 2025 ஜூனில் 3 டாலர் ஆனது. கன்சர்ன் இந்தக் கோட்டோடு நிற்பதில்லை. கையில் சொத்தோ திறனோ இல்லாமை, சமூகத்தில் ஒதுக்கப்பட்டிருத்தல், ஒரு வறட்சியோ நோயோ வந்தால் மொத்தமும் போய்விடும் நிலை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருப்பதுதான் கடும் வறுமை என்று வரையறுக்கிறது. காகிதத்தில் இது அழகாகத்தான் இருக்கிறது. களத்தில் இதற்கு ஒரு விலை உண்டு. அதைப் பின்னால் பார்க்கலாம்.

முதலில் அவர்களின் ஆகச் சிறந்த வேலை. கடுமையாக மெலிந்த குழந்தையை மருத்துவமனையில் படுக்க வைக்காமல் வீட்டில் வைத்தே குணப்படுத்தும் முறை இன்று எத்தனையோ நாடுகளில் சாதாரணம். 2000க்கு முன்பு அப்படி இல்லை. ஊட்ட மையம் ஒன்றை அமைப்பார்கள். தாயும் பிள்ளையும் மூன்று நான்கு வாரம் அங்கேயே கிடக்க வேண்டும். கொடுப்பது எஃப்-75, எஃப்-100 என்ற இரண்டு வகைப் பால். 100 மில்லிக்கு முறையே 75, 100 கலோரி. சுத்தமான தண்ணீரில் கலக்க வேண்டும், கலக்கிய சில மணி நேரத்தில் கெட்டுவிடும், இரவு பகலாக ஆள் நின்று அளந்து ஊற்ற வேண்டும். பலவீனமான பிள்ளைகளை ஒரே கொட்டகையில் அடைத்தால் ஒன்றின் வயிற்றுப்போக்கு இன்னொன்றுக்குத் தொற்றும். வீட்டில் விட்டுவந்த மற்ற பிள்ளைகளுக்குச் சோறு போட யாரும் இருக்க மாட்டார்கள், விதைப்புக் காலம் கைநழுவிப் போகும். அதனால் பாதித் தாய்மார் வரவே மாட்டார்கள். வந்தவர்களிலும் பலர் பாதியில் கிளம்பிவிடுவார்கள். உள்ளே இருந்தவர்களின் குணமடைதல் விகிதம் பார்க்க நன்றாக இருக்கும். வெளியே செத்தவர்கள் எந்தக் கணக்கிலும் வர மாட்டார்கள்.

இதை உடைக்க ஒரு பொருளும் ஒரு துணிச்சலும் தேவைப்பட்டன. பொருள், பிரான்சின் நியூட்ரிசெட் நிறுவனம் 1996இல் கொண்டுவந்த கடலைப் பசைப் பொட்டலம்: 92 கிராம், 500 கலோரி. நிலக்கடலை, பால்பொடி, சர்க்கரை, தாவர எண்ணெய், தாது உப்பு-வைட்டமின் கலவை, அவ்வளவுதான். எண்ணெய் சார்ந்தது, தண்ணீர் சேர்க்கத் தேவையில்லை. அதனால் கிருமி வளர இடமில்லை. பிரிக்காமல் இரண்டு ஆண்டு தாங்கும். துணிச்சல், வேலிட் இன்டர்நேஷனல் அமைப்பின் மருத்துவர் ஸ்டீவ் காலின்ஸும் கன்சர்னும் சேர்ந்து காட்டியது. எத்தியோப்பியாவின் பெடவாச்சோவில் 2000ஆம் ஆண்டு வறட்சியின்போது பொட்டலத்தைத் தாயின் கையிலேயே கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். 170 குழந்தைகளின் பதிவு 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது: 85 விழுக்காடு குணமடைந்தன, 4 விழுக்காடு இறந்தன, 5 விழுக்காடு பாதியில் நின்றன. படித்த பல மருத்துவர்கள் முகம் சுளித்தார்கள். 2007இல் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், உலக உணவுத் திட்டம் உள்ளிட்ட ஐ.நா. அமைப்புகள் இதையே பரிந்துரைத்துக் கூட்டறிக்கை வெளியிட்டன.

ஒரு சுகாதார நிலையத்தில் இது நடக்கும் விதத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால்தான் எங்கே சறுக்கும் என்பது புரியும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் இடது மேல்கையில், தோள் நுனிக்கும் முழங்கைக்கும் நடுவே, கையைத் தளர்வாகத் தொங்கவிட்டு நாடாவைச் சுற்றுவார்கள். 115 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் சிவப்பு, கடும் மெலிவு. 115க்கு மேல் 125க்குக் கீழ் மஞ்சள், நடுத்தர மெலிவு. நாடாவைச் சற்று இறுக்கினால் 117 இருக்கும் பிள்ளை 114 ஆகிவிடும், தளர்த்தினால் எதிர்த்திசை. மூன்று மில்லிமீட்டரில் ஒரு பிள்ளை சிகிச்சைக்குள் வரும் அல்லது வெளியே நிற்கும். அடுத்து இரு பாதங்களிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்துவார்கள். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர்வீக்கம். கை அளவு என்ன சொன்னாலும் இந்தப் பிள்ளை கடுமையான வகைதான். கொழுகொழுவென்று தெரியும் வீங்கிய பிள்ளையை 'நல்லாத்தானே இருக்கு' என்று திருப்பி அனுப்புவது பயிற்சி இல்லாத இடங்களில் அடிக்கடி நடக்கும் தவறு.

பிறகு பசிச் சோதனை. தாய் கைகழுவிவிட்டு, ஓரமாக உட்கார்ந்து, பசையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவார். கூடவே குடிக்கத் தண்ணீர். அரை மணிக்குள் தேவையான அளவு சாப்பிட்டால் வீட்டுக்குப் போகலாம். முகத்தைத் திருப்பினால், விடாமல் வாந்தி எடுத்தால், துவண்டுபோய்க் கிடந்தால் மருத்துவமனைப் படுக்கைதான். வரிசை நீளமாக இருக்கும் நாளில் ஊழியர்கள் இந்தச் சோதனையைத்தான் முதலில் தாண்டிப் போவார்கள். வீட்டுக்கு அனுப்பிய பிள்ளை திடீரென்று இறந்தால், பதிவேட்டில் இந்தக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அளவும் முக்கியம். பழைய நெறிமுறைப்படி எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 200 கலோரி. ஆறு கிலோ பிள்ளைக்கு 1,200 கலோரி, அதாவது வாரத்துக்கு 17 பொட்டலம். எட்டு வாரத்துக்கு 136. ஒரு அட்டைப்பெட்டியில் 150 இருக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு பெட்டி என்ற கணக்கு இப்படி வந்ததுதான். 2023இல் உலக சுகாதார நிறுவனம் இதை 150 முதல் 185 கலோரி என்று குறைத்தது. பிள்ளை கடும் நிலையைத் தாண்டிய பிறகு 100 முதல் 130 வரை இறக்கலாம் என்றும் சொன்னது. பசை பற்றாக்குறையாக இருக்கும் காலத்தில் இந்தத் திருத்தத்துக்கு மதிப்பு அதிகம். கூடவே அமாக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்து, பூச்சி மருந்து, தட்டம்மைத் தடுப்பூசி. கை அளவு அடுத்தடுத்த இரண்டு வருகையில் 125ஐத் தொட்டு, வீக்கமும் இரண்டு வாரமாக இல்லையென்றால் பெயரை நீக்கலாம்.

சறுக்கும் இடங்கள் எல்லாருக்கும் தெரிந்தவையே. வீட்டில் நான்கு பிள்ளைகள் பசியோடு இருக்கும்போது ஒருவனுக்கு மட்டும் இனிப்புப் பசையை ஊட்ட எந்தத் தாயாலும் முடியாது. பங்கு போகும், எடை ஏறாது. 'மருந்து, சாப்பாடு அல்ல' என்று ஊழியர் சொல்லி அனுப்புவது பாதிதான் வேலை செய்யும்; அந்த வீட்டுக்கே ரேஷனோ பணமோ சேர்த்துக் கொடுத்தால்தான் பசை உரிய பிள்ளையின் வாய்க்குப் போகும். சந்தையில் பொட்டலம் விற்பனைக்கு வருவதைத் திருட்டு என்று மட்டும் பார்ப்பவர்கள், விற்ற காசில் வாங்கியது மக்காச்சோள மாவா என்று கேட்பதில்லை. மழைக்காலத்தில் சாலை அறுந்தால் இரண்டு வாரச் சரக்கு வராது. தாய் இரண்டு முறை வெறுங்கையோடு நடந்து திரும்பினால் மூன்றாம் முறை வர மாட்டார், பதிவேட்டில் 'விலகியவர்' என்று எழுதுவார்கள். விலகியது யார் என்பது கேள்வி.

தரத்தை அளக்க, நிவாரணப் பணிகளுக்கென ஸ்ஃபியர் என்ற பொதுத் தரக்கோவை இருக்கிறது. வெளியேறுபவர்களில் குணமடைவோர் 75 விழுக்காட்டுக்கு மேல், இறப்பு 10க்குக் கீழ், விலகல் 15க்குக் கீழ். பலரும் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதைவிடப் பெரிய எண், தேவைப்படும் பிள்ளைகளில் எத்தனை பேரைத் திட்டம் எட்டியது என்பது: கிராமத்தில் 50, நகரத்தில் 70, முகாமில் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். ஆண்டறிக்கையில் 'இத்தனை லட்சம் குழந்தைகளுக்குச் சிகிச்சை' என்று பெருமையாகப் போட்டிருந்தால், எத்தனை பேருக்குத் தேவைப்பட்டது என்ற எண் பக்கத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள். எந்த அமைப்பாக இருந்தாலும் சரி.

என்னைக் கவர்ந்தது இதற்கு அடுத்த கட்டம்தான். 2012 வாக்கில் கென்யாவின் மார்சபிட்டில் கன்சர்ன் தொடங்கிய 'சர்ஜ்' முறை. பஞ்சம் வந்த பிறகு வெளியூர்க் குழுக்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கி, முடிந்ததும் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். இதில் அப்படியில்லை. அந்தச் சுகாதார நிலையத்தின் ஊழியர்களே உட்கார்ந்து, கடந்த ஆண்டுகளில் எந்த மாதம் மெலிந்த பிள்ளைகள் கூடினார்கள், எப்போது வயிற்றுப்போக்கு, எப்போது மேய்ச்சலுக்காக மக்கள் நகர்வு, எப்போது ஊழியர் விடுப்பு என்று ஒரு நாட்காட்டி போடுவார்கள். பிறகு தங்கள் கைக்கு எத்தனை பேர்வரை தாங்கும் என்று அவர்களே வரம்பு வகுப்பார்கள்: இயல்பு, எச்சரிக்கை, கடுமை, அவசரம் என நான்கு படி. மாதாந்தர எண்ணிக்கையைச் சுவரில் மாட்டிய வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். கோட்டைத் தாண்டினால் என்ன செய்வது என்பது முன்பே பேசி முடித்தது: விடுப்பை நிறுத்துவது, மாவட்டத்திலிருந்து ஒரு செவிலியரை வரவழைப்பது, கூடுதல் பெட்டி அனுப்புவது. எண்ணிக்கை இறங்கினால் உதவியும் இறங்கும். படம் எடுக்க இதில் ஒன்றுமே இல்லை, நிதி திரட்ட உதவாது. ஆனால் உள்ளூர் அரசு அமைப்பைத் தள்ளி வைக்காமல் அதன் முதுகெலும்பையே பலப்படுத்துகிறது. மாவட்ட அலுவலகம் சொன்னபடி செவிலியரை அனுப்பாவிட்டால் வரைபடம் சுவர் அலங்காரம்தான். இம்முறையின் உயிர்நிலை அந்த முன்பேச்சு ஒப்பந்தத்தில் இருக்கிறது.

பணமாகக் கொடுப்பதிலும் இவர்கள் முன்னே போனவர்கள். 2008இல் கென்யாவின் கெரியோ பள்ளத்தாக்கில், தேர்தல் கலவரத்துக்குப் பின், எம்-பெசா செல்பேசிப் பணத்தை நிவாரணத்துக்குப் பயன்படுத்தினார்கள். நைஜரின் தாவுவா பகுதியில் 96 கிராமங்களில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வும் கன்சர்ன் திட்டத்தின் மீது நடந்ததுதான்: சிலருக்குக் கையில் பணம், சிலருக்குச் செல்பேசி வழியே, சிலருக்குச் செல்பேசியும் கொடுத்து ஆனால் பணம் கையில். செல்பேசி வழியே பெற்ற வீடுகளில் உணவு வகைகள் 9 முதல் 16 விழுக்காடு கூடுதல். காரணம் தொழில்நுட்ப மாயமல்ல. வரிசையில் நிற்கும் நேரம் மிச்சமானது, பணம் வந்த விஷயம் பெண்ணின் கைக்குள் இருந்தது. மூன்றாவது குழுவை வைத்திராவிட்டால் பாராட்டு முழுவதும் செல்பேசிக் கருவிக்கே போயிருக்கும். ஆய்வை வடிவமைத்தவர்களின் நேர்த்தி அது.

வறுமையிலிருந்து 'தேறி வெளியேறும்' திட்டம் கன்சர்னின் கண்டுபிடிப்பு அல்ல. பங்களாதேஷில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 2002இல் தொடங்கியது. கன்சர்ன் அதை ருவாண்டாவுக்கும் புருண்டிக்கும் எடுத்துப் போனது. செய்முறை இதுதான்: ஊர்க்கூட்டத்தில் வீடுகளை வசதிவாரியாக வரிசைப்படுத்துவது, கடைசி வரிசையை நேரில் போய்ச் சரிபார்ப்பது, சில மாதம் செலவுக்குப் பணம், பிறகு ஆடோ கோழியோ சிறுவணிகத்துக்கு மொத்தத் தொகையோ, சேமிப்புக் குழு, திறன் பயிற்சி, வீட்டுக்கு வந்து வழிகாட்டும் பணியாளர். வரிசை மாறக் கூடாது. செலவுக்குப் பணம் வருமுன் ஆட்டைக் கொடுத்தால், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரமே ஆடு சந்தைக்குப் போய்விடும்.

மேலே சொன்ன அழகான வரையறையின் விலை இங்கேதான். ஒதுக்கப்பட்டவர்தான் ஆகக் கடும் ஏழை என்றால், அவர் ஊர்க்கூட்டத்திலேயே இருக்க மாட்டார். இடம்பெயர்ந்து வந்தவர், கைவிடப்பட்ட பெண், மனநலம் குன்றியவர் ஆகியோரின் வீடு மண்ணில் வரைந்த ஊர் வரைபடத்தில் விடுபட்டுப் போகும். ஊர்ப் பெரியவரின் உறவினர் வீடு கீழ்வரிசைக்கு நழுவி வரும். கூட்டத்தில் வராத பெயர்களைத் தேடித் தனியே நடப்பதற்கு ஆளும் நாளும் பிடிக்கும். அந்தச் செலவைத்தான் நாம் 'நிர்வாகச் செலவு' என்று திட்டுகிறோம்.

பலன் உண்டா? எத்தியோப்பியா, கானா, ஹோண்டுராஸ், இந்தியா, பாகிஸ்தான், பெரு ஆகிய ஆறு நாடுகளில் வெவ்வேறு அமைப்புகள் நடத்திய இத்தகைய திட்டங்களைப் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் அளந்து 2015இல் வெளியிட்டார்கள். பெரும்பாலான இடங்களில் நுகர்வும் சொத்தும் உயர்ந்து, திட்டம் முடிந்து ஓராண்டுக்குப் பிறகும் நின்றன. ஹோண்டுராஸில் செலவுக்கேற்ற பலன் இல்லை: கொடுத்த கோழிகள் நோயில் செத்தன. புருண்டியில் கன்சர்ன் ஒரு நல்ல காரியம் செய்தது. வீட்டு வருகை அதிகம், வருகை குறைவு என இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தது. பெரிய வேறுபாடு இல்லை. செலவில் கணிசமான பங்கு பணியாளர் வருகையில் போகிறது என்பதால், இந்த ஒரு முடிவு எத்தனையோ பயிலரங்குகளுக்குச் சமம். ஆனால் ஒரு குடும்பத்துக்கு ஆகும் தொகை அதிகம். அரசு எடுத்து நடத்தினாலொழிய யானைப்பசிக்குச் சோளப்பொரிதான்.

இனி பரப்புரைப் பக்கம். 'சோறு போட வாங்கிய காசில் அமைச்சரைப் பார்க்கப் போவதா?' என்று பலர் கேட்கிறார்கள். தவறான கேள்வி. வீட்டுச் சிகிச்சை முறையை மலாவி, எத்தியோப்பியா அரசுகள் தங்கள் சுகாதார நெறிமுறைக்குள் எடுத்துக்கொண்டதும் பரப்புரையின் பலன்தான். அதில்லாமல் அது இன்றும் கன்சர்ன் வண்டி போகும் ஊர்களில் மட்டுமே இருந்திருக்கும். கேட்க வேண்டியது, எந்தப் பரப்புரைக்குப் பின்னால் சொந்தக் களச் சான்று இருக்கிறது என்பதுதான்.

சான்று மெலிந்த பக்கம், பலருக்கும் பெயரளவில் தெரிந்த ஒன்று: உலகப் பட்டினிக் குறியீடு. ஜெர்மனியின் வெல்ட்ஹுங்கர்ஹில்ஃப என்ற தொண்டு அமைப்போடு சேர்ந்து கன்சர்ன் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதன் மதிப்பெண்ணில் ஊட்டக்குறைவு மூன்றிலொரு பங்கு, ஐந்து வயதுக்குட்பட்டோர் இறப்பு மூன்றிலொரு பங்கு, குழந்தைகளின் வளர்ச்சிக் குன்றலும் மெலிவும் ஆறிலொரு பங்கு வீதம். 2023இல் இந்தியாவுக்கு 125 நாடுகளில் 111ஆம் இடம், மதிப்பெண் 28.7, 2024இல் 127இல் 105ஆம் இடம், 27.3. ஒவ்வோர் அக்டோபரிலும் தொலைக்காட்சியில் கூச்சல். இந்திய அரசின் மறுப்பு இரண்டு: நான்கில் மூன்று அளவுகள் குழந்தைகளைப் பற்றியவை, மொத்த மக்களின் பசியைக் காட்டா, நான்காவது 3,000 பேரிடம் எடுத்த கருத்துக்கணிப்பைச் சார்ந்தது. மெலிவு 18.7 விழுக்காடு என்று குறியீடு சொன்னதற்கு எதிராக, அரசின் போஷண் டிராக்கர் பதிவில் 7.2தான் என்றது அமைச்சகம்.

முதல் மறுப்பில் நியாயம் இருக்கிறது. 'பட்டினி' என்று பெயர் வைத்துவிட்டுக் குழந்தை இறப்பை மூன்றிலொரு பங்கு வைப்பது, பெயருக்கும் பொருளுக்கும் இடைவெளியை உண்டாக்குகிறது. கழிப்பறையும் தடுப்பூசியும் மேம்பட்டாலே மதிப்பெண் மாறும். போஷண் டிராக்கர் வாதம் நிற்காது: அது அங்கன்வாடிக்கு வரும் பிள்ளைகளின் பதிவு, வராதவர்கள் அதில் இல்லை. அரசின் சொந்தக் குடும்பநல ஆய்வே 2019-21இல் மெலிவு 19.3 என்றது. ஊட்ட மையத்துக்கு வெளியே செத்த பிள்ளைகள் கணக்கில் வராத அதே கோளாறுதான் இங்கும். என் கணிப்பில் தரவரிசை என்பதே வீண். நாடுகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது, ஒப்பிடக் கூடாது என்று அறிக்கையே எச்சரிக்கிறது. பிறகு எதற்கு வரிசை எண்? செய்தியாகும் என்பதற்குத்தான். கவனம் கிடைக்கிறது, எந்த மாவட்டத்தில் எதை மாற்றுவது என்ற பேச்சுக்கு இடமில்லாமல் போகிறது. மார்சபிட் சுவர் வரைபடத்தை வகுத்தவர்கள் செய்யும் வேலையா இது?

பட்டினியைப் போர்க்கருவி ஆக்குவதற்கு எதிரான பரப்புரை வேறு ரகம். 2018 மே 24இல் ஐ.நா. பாதுகாப்பு அவை 2417ஆம் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. பயிரை எரிப்பது, உதவி வண்டியை மறிப்பது, சந்தையைக் குண்டு வீசி அழிப்பது எல்லாம் அதன் வரம்பில். உள்நாட்டுப் போரிலும் பட்டினி போடுவதைப் போர்க்குற்றமாக்கும் திருத்தம், சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சட்டத்தில் 2019 டிசம்பரில் வந்தது. 2021-22இல் அவையில் அயர்லாந்து உறுப்பினராக இருந்தபோது, போரும் பசியும் என்ற பொருளுக்கு நைஜரோடு அதுவும் பொறுப்பு ஏற்றது. பியாஃப்ரா முற்றுகையில் பிறந்த அமைப்பு இந்தத் தீர்மானத்தை நடைமுறைப்படுத்தச் சொல்லித் தொடர்ந்து வற்புறுத்துவதில் பொருள் இருக்கிறது. தீர்மானத்துக்குப் பல் இல்லை என்பதும் உண்மை. 2024 ஆகஸ்டில் சூடானின் சம்சம் முகாமில் பஞ்சம் உறுதியானபோது தடுத்து நிறுத்த அதனால் முடியவில்லை. பஞ்சம் என்று அறிவிக்க ஐந்திலொரு வீட்டில் உணவு அறவே இல்லாமை, குழந்தைகளில் 30 விழுக்காடு மெலிவு, நாளுக்குப் பத்தாயிரத்தில் இரண்டு சாவு வேண்டும். அதுவரை காத்திருந்தால் புதைகுழிகளைத்தான் எண்ணலாம்: சோமாலியாவில் 2010-12இல் இறந்ததாக மதிப்பிடப்பட்ட 2,58,000 பேரில் பாதிக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள்.

மூன்றாவது, உதவித்தொகைக்கான வாதாட்டம். தேசிய வருமானத்தில் 0.7 விழுக்காடு என்ற இலக்கை ஐ.நா. பொது அவை 1970இலேயே ஏற்றது. 2024இல் அதைத் தொட்டவை நார்வே, சுவீடன், டென்மார்க், லக்சம்பர்க் மட்டுமே. அயர்லாந்து 2030க்குள் என்று வாக்களித்திருக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று: அகதிகளைத் தன் நாட்டுக்குள் முதல் ஓராண்டு பராமரிக்கும் செலவையும் உதவியாகக் கணக்கில் காட்ட விதி இடம் கொடுக்கிறது. உக்ரைன் போருக்குப் பின் 2022இல் அயர்லாந்தின் விழுக்காடு சட்டென்று ஏறியதற்குக் காரணம் இதுதான். அந்தப் பணம் அயர்லாந்தை விட்டு வெளியே போகவே இல்லை. எந்த நாடு எத்தனை விழுக்காடு என்று யார் சொன்னாலும், அகதிச் செலவைக் கழித்தா கழிக்காமலா என்று கேளுங்கள்.

இந்த வாதாட்டத்தில் ஒரு சங்கடம் உண்டு. கன்சர்ன் போன்ற பெரிய அமைப்புகளின் வருவாயில் கணிசமான பகுதி அரசுகள் தருவது. யாரிடம் வாதாடுகிறார்களோ அவர்களிடமே கையும் நீட்டுகிறார்கள். அமெரிக்கா 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியை நிறுத்தி, பிறகு தன் உதவி முகமையான யு.எஸ்.எய்டையே மூடியபோது உலகெங்கும் களப்பணிகள் பாதியில் நின்றன, சத்துப் பசைப் பெட்டிகள் கிடங்குகளில் தேங்கின. கன்சர்னும் தப்பவில்லை. பிரிட்டனும் 0.7இலிருந்து 2021இல் 0.5க்கு இறங்கி, 2027க்குள் 0.3 என்று அறிவித்திருக்கிறது. தனிநபர் கொடை தொகையில் சிறிதாக இருந்தாலும் அதன் எடை வேறு என்பது இங்கேதான் தெரிகிறது: எந்த அமைச்சரின் கோபத்துக்கும் அஞ்சாத காசு அது.

கொடுப்பதானால் குறிப்பிட்ட நெருக்கடிக்கென்று ஒதுக்காமல் பொதுநிதிக்குக் கொடுங்கள். தலைப்புச் செய்தியில் வரும் பேரிடருக்குப் பணம் வழியும். மார்சபிட் செவிலியர் பயிற்சிக்கு வராது. ஒருமுறை பெருந்தொகையைவிட மாதாந்தரச் சிறுதொகை திட்டமிட உதவும். ஆடு, கோழி பரிசு அட்டைகளை வாங்கும்முன் கீழே உள்ள சிறு எழுத்தைப் படியுங்கள். இத்தகைய அட்டைகளில் பணம் பெரும்பாலும் பொதுத் திட்டத்துக்கே போகும். அதில் தவறில்லை, உங்கள் பெயரில் ஓர் ஆடு மேய்வதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

அயர்லாந்தில் வரி கட்டுபவர் ஓராண்டில் 250 யூரோவோ அதற்கு மேலோ கொடுத்தால், நிறுவனம் 31 விழுக்காட்டு வீதத்தில் வரியைத் திரும்பப் பெறலாம்: உங்கள் 250, அங்கே 362 யூரோ ஆகிறது. சி.எச்.ஒய்.3 படிவத்தில் ஒருமுறை கையெழுத்திட்டால் ஐந்தாண்டுக்குச் செல்லும், சி.எச்.ஒய்.4 ஓராண்டுக்கு. மாதம் 20 யூரோ கட்டினால் ஆண்டுக்கு 240 தான், வரம்பைத் தொடாது; 21 கட்டினால் 252. ஒரு யூரோ வித்தியாசத்தில் 113 யூரோ போகிறது. பலரும் கோட்டைவிடும் இடம் இது. பிரிட்டனில் வரி செலுத்துவோர் கிஃப்ட் எய்ட் என்ற வரிச்சலுகைத் திட்டத்தில் குறியிட்டால் ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸ் சேரும், குறைந்தபட்ச வரம்பு இல்லை.

பரப்புரையைச் சரிபார்க்கவும் வழி இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. அயர்லாந்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேருக்கு மேல் ஊழியர் கொண்ட அமைப்புகள் அமைச்சர்களையோ மூத்த அதிகாரிகளையோ அணுகிக் கொள்கை பற்றிப் பேசினால் பொதுப் பதிவேட்டில் தெரிவிக்க வேண்டும். ஆண்டுக்கு மூன்று தவணை: ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் முடிந்து 21 நாளுக்குள். யாரைச் சந்தித்தார்கள், எதைப் பற்றி, என்ன கேட்டார்கள் என்பது அதில் இருக்கும். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். அயர்லாந்து அரசின் நிதிநிலை அறிக்கை அக்டோபரில் வருவதால், மே முதல் ஆகஸ்ட் வரையிலான தவணையில் உதவித்தொகை பற்றிய பதிவுகள் அதிகம் கிடைக்கலாம். கன்சர்ன் பெயரோடு அதைத் திறந்து, உதவிப் பணத்தின் மொத்த அளவை மட்டும் கேட்டார்களா, அகதிச் செலவைத் தனியே காட்டச் சொன்னார்களா என்று பாருங்கள்.